சவாரிக் குதிரை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் நடைபெறும் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகளும் நாட்டு மட்டக் குதிரைகளும் விற்பனைக்கு வருகின்றன. தோட்டத்தைச் சுற்றிவரவும், பிள்ளைகள் சவாரி பழகவும், தேவைப்பட்டால் வண்டியில் பூட்டவும் ஒரே குதிரையை வாங்க விரும்பும் விவசாயிகள், சந்தையில் பார்த்து வைத்துக்கொண்டு பின்னர் விற்பவரின் லாயத்திற்கே சென்று வாங்குவது நல்லது. துண்டு மறைவில் விரல் பிடித்து விலை பேசும் அவசரத்தில் குறைகள் கண்ணில் படுவதில்லை.

தரகர்கள் முதலில் சுழியைப் பற்றித்தான் பேசுவார்கள். சுழியை மட்டும் வைத்துக் குதிரையின் நடையையும் குணத்தையும் முடிவு செய்ய முடியாது. சுழி சரியில்லை என்று மலிவாகக் கிடைக்கும் நல்ல குதிரையைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் திரும்ப விற்கும்போது அதே குறையைச் சொல்லி நம்மிடமும் விலையைக் குறைப்பார்கள்!

வயதைப் பல்லைப் பார்த்து அறியலாம். நடு வெட்டுப்பற்கள் 2½ வயதிலும், அடுத்தவை 3½ வயதிலும், ஓரப்பற்கள் 4½ வயதிலும் விழுந்து முளைக்கும். மேல் ஓரப்பல்லில் ஒரு பள்ளக்கோடு சுமார் 10 வயதில் ஈறருகே தோன்றி, 15 வயதில் பாதிப் பல் வரை இறங்கும். புதிதாகப் பழகுவோருக்கு 8 முதல் 14 வயதுள்ள, நன்கு பழகிய குதிரையே ஏற்றது. இளங்குதிரையும் பிள்ளையும் சேர்ந்தே பழகட்டும் என்பது ஆபத்தான எண்ணம்.

குதிரை தாங்கும் பாரத்தைப் பலரும் கணக்கிடுவதில்லை. நெஞ்சுச் சுற்றளவைச் செ.மீ.யில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் எடை 265 கிலோ. இதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 53 கிலோவே சேணத்தையும் சேர்த்து ஏற்றத்தக்க பாரம். இத்தகைய மட்டக் குதிரை பிள்ளைகளுக்கு ஆகும், பெரியவர்களுக்கு ஆகாது.

முன்னறிவிப்பின்றிக் காலையில் சென்று, குதிரை வேலை செய்யுமுன் பார்க்க வேண்டும். சில மூட்டு நோய்களில் கொஞ்சம் ஓடியபின் நொண்டல் மறைந்துவிடும். கெட்டியான தரையில் மெதுவாக ஓடவிட்டால், முன்கால் வலியுள்ள குதிரை அந்தக் கால் ஊன்றும்போது தலையை மேலே தூக்கும். நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். கீழுதடு தொங்கி, தலை தாழ்ந்து நிற்பதைச் சாது என்று எண்ணிவிடக் கூடாது; மயக்க ஊசி போட்டிருக்கவும் கூடும்.

முதலில் விற்பவரே ஏறிக் காட்ட வேண்டும். அவர் தயங்கினால் நாமும் ஏறக் கூடாது. லாரி போகும் சாலையோரமாகவும், மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாகவும் நடத்தச் சொல்ல வேண்டும். வண்டிக்கும் பழகியது என்றால் பூட்டியே காட்டட்டும். சவாரியில் அமைதியான குதிரைகூடப் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டு மிரண்டு ஓடலாம்.

மூக்கில் கெட்டியான சளி, மூக்கினுள் புண், கால்களில் வரிசையாக முடிச்சுகள் இருப்பின் கிளாண்டர்ஸ் நோய் என்று ஐயுற வேண்டும். வெளியே எதுவும் தெரியாமலும் இந்நோய் இருக்கலாம். மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. நோய் உறுதியானால் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். எனவே அரசு கால்நடை மருத்துவர் மூலம் ரத்த மாதிரி எடுத்து அனுப்பி, முடிவு வரும்வரை முன்பணம் மட்டும் கொடுத்து, குதிரையை விற்பவரின் லாயத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.