பல்வேர்ச் சிகிச்சையில் உருப்பெருக்கிக் கருவிகள்

சொத்தை பல்லின் உட்கூழைத் தாக்கி, அது மீள இயலாதவாறு கெட்டுவிடின் பொதுவாக வழிகள் இரண்டேயாகும். ஒன்று, பல்லைப் பிடுங்குதல். மற்றொன்று, வேர்ச் சிகிச்சையால் அதனைக் காத்தல். பின்னதில் கெட்டுப்போன கூழ் அகற்றப்பட்டு, வேர்க்குழாய்கள் தூய்மை செய்யப்பட்டு, இறுக அடைக்கப்படுகின்றன. ஒரு குழாய் விடுபட்டாலும், அங்குத் தங்கும் நுண்ணுயிர்கள் மீண்டும் சீழையும் வலியையும் தோற்றுவிக்கக்கூடும்.

மறைந்துள்ள குழாய்

மேல்தாடையின் முதற் கடைவாய்ப் பல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மூன்று வேர்கள் கொண்ட இப்பல்லில் மூன்று குழாய்களே உள்ளன எனக் கருதுவது எளிது. ஆயின், கன்னப்புற முன்வேரில் இரண்டாவது குழாயொன்று பெரும்பாலும் அமைந்துள்ளது. அதன் வாய் மிக நுண்ணியது. வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சாதாரண எக்ஸ்ரே படம் ஆழத்தைக் காட்டாததால், ஒரு குழாய் மற்றொன்றை மறைத்துவிடுகிறது.

கருவிகளின் பணி

மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தப்படும் உருப்பெருக்கி சுமார் 2.5 முதல் 6 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். அறுவை நுண்ணோக்கியோ ஏறத்தாழ 25 மடங்கு வரை பெரிதாக்குவதோடு, பார்வைக் கோட்டிலேயே ஒளியைச் செலுத்தி நிழலையும் நீக்குகிறது. 1981இல் பல் மருத்துவத்திற்கு அறிமுகமான இந்நுண்ணோக்கியில் பெறும் பயிற்சி, அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் வேர்ச் சிகிச்சை மேற்படிப்பின் கட்டாயப் பகுதியாயிற்று. கூம்புக்கற்றை சி.டி. படம் வேர்களின் அமைப்பை முப்பரிமாணத்தில் காட்டுகிறது.

செலவும் பயனும்

நுண்ணோக்கியின் விலை சிறிய மருத்துவமனைகளுக்கு எட்டாதது. எனினும் தோல்வியுறும் சிகிச்சைக்கும் விலையுண்டு. நோயாளி மறுசிகிச்சைக்கோ செயற்கைப் பல்லுக்கோ மீண்டும் செலவிட நேர்கிறது. தினக்கூலி பெறுபவர் ஊதியத்தையும் இழக்கிறார். பணமில்லாதவர் பல்லையே இழக்கிறார்.

கருவியைப் பயன்படுத்துவோர் பெருகப் பெருக, ஒரு சிகிச்சைக்கான முதலீட்டுச் செலவு குறையும். ஆகவே, சிக்கலான நோயாளிகள் அனுப்பப்படும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மாவட்ட மருத்துவமனைகளிலும் நுண்ணோக்கியை நிறுவுவதும், ஏனைய இடங்களுக்கு விலை குறைந்த கண்ணாடி உருப்பெருக்கிகளை வழங்குவதும் பொருத்தமாகும். 2014-15இல் தொடங்கப்பட்ட தேசிய வாய்நலத் திட்டம் பொதுச் சுகாதார அமைப்பில் பல் சிகிச்சை வசதிகளை வலுப்படுத்த முனைகிறது. அதனுடன் பயிற்சியும், நோயாளியை உரிய காலத்தில் உரிய இடத்திற்கு அனுப்பும் ஒழுங்கும் இணைய வேண்டும். இவையின்றி வாங்கப்படும் கருவி உறைக்குள்ளேயே முடங்கும். காக்கத்தக்க பற்களோ பிடுங்கப்பட்டுக்கொண்டேயிருக்கும்.