மாணாக்கர்க்குப் பெற்றாரும் தோழரும்

பதின்மூன்று வயது தொடங்கிய மாணாக்கருடைய மனம் வீட்டினின்றும் தோழர்பாற் சாய்வது இயல்பேயாம், குற்றமன்று. அப்பருவத்திலே அவருடைய ஒழுக்கத்தையும் மனநலத்தையும் தோழர் எங்ஙனம் அசைக்கின்றனர், பெற்றார் எங்ஙனம் தாங்குகின்றனர் என்பதை ஆசிரியராகிய நாம் ஆராய்தல் வேண்டும்.

1. தோழர்

திருவள்ளுவர் சிற்றினஞ்சேராமை, நட்பாராய்தல், தீநட்பு, கூடாநட்பு எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமையே இனத்தின் வலியை உணர்த்தும். 2005 ஆம் ஆண்டிலே மார்கோ காட்னர், லோறன்ஸ் ஸ்ரைன்பேர்க் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர், 306 பேரைக் காரோட்டும் கணினி விளையாட்டொன்றினாற் சோதித்தனர். தனித்து ஆடினாரினும் தோழர் சூழ ஆடினார் அபாயத்தை மிகுதியாக மேற்கொண்டனர். இவ்வேறுபாடு இளையாரிடத்துப் பெரிதாயும், 24 வயது நிரம்பினாரிடத்துச் சிறிதாயும் இருந்தது. ஆதலால், அபாயத்தை எடுத்துரைத்தல் மாத்திரம் போதாது. நல்லினத்தோடு கூடி விளையாடவும் தொண்டு செய்யவும் இடமும் அமைத்துக் கொடுத்தல் வேண்டும்.

2. பெற்றார்

காவல் மிகுந்த வீட்டுப் பிள்ளையே நல்லொழுக்கமுடையதென்பர். 2000 ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்திலே ஹோகன் ஸ்ராற்றின், மார்கரட் கேர் என்னும் இருவர், 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர் பெற்றாரையும் வினாவி ஆராய்ந்தனர். பெற்றார் தம் பிள்ளைகளைப்பற்றி அறிந்தவற்றுள் மிக்கபகுதி, துருவி வினாவியும் கட்டுப்படுத்தியும் அறிந்ததன்று. பிள்ளைகள் தாமே வந்து சொல்ல அறிந்ததேயாம். ஒழுக்கமுடைய பிள்ளைக்கு மறைப்பதொன்றின்மையாற் சொல்லுகின்றதெனலாமன்றோவெனின், அதுவும் ஒருபுடை உண்மையே. எனினும், சொன்னவுடன் அடிபடும் வீட்டிலே எப்பிள்ளையும் வாய்திறவாது.

அங்ஙனமாயின், கண்டிப்பு வேண்டாவோவெனின், அற்றன்று. டயானா பௌம்றின்ட் என்பார் 1966 இலே பெற்றாரை மூவகையாகப் பகுத்தார். கட்டளை மாத்திரம் இடுவார் ஒருவகையார்; கட்டுப்பாடின்றி விடுவார் ஒருவகையார்; விதியை நிலைநிறுத்தி, அதன் காரணத்தையுஞ் சொல்லி, பிள்ளையின் மறுமொழியையுங் கேட்பார் மற்றொருவகையார். இம்மூன்றாம் வகையையே அவர் சிறப்பித்தார்.

3. ஆசிரியர் கடன்

ஒரு மாணாக்கன் தோழரோடு கூடிப் பாடசாலைக்கு வாராதொழிகின்றானாக. நாம் தந்தையை அழைப்பித்துப் பலர் முன்னிலையிற் குற்றங்கூறின், அன்றிரவு அவன் அடிபடுவான். மற்றைநாள் முதல் அவன் துன்பத்தை அறிவார் அத்தோழரேயன்றிப் பிறரிலர். அவனுக்கு ஆபத்து நேருங்கால் அவனைக் காக்கும் வாயில் அடைபட்டதாம். ஆகையால், முன்னர் அவனைத் தனியே அழைத்துக் கேட்க. பின்னர் பெற்றார்க்கு அவன் குணத்தையும் உடன்கூறுக. தண்டித்தற்குமுன் கேட்கும்படி அவரை வேண்டுக. உயிர்க்கு இடராவதாயின், தாமதியாது அறிவிக்க.

வினாக்கள்

1. நம் வகுப்பிலே துன்பமுற்ற மாணாக்கன் முதலில் யாரிடஞ் செல்வான்?
2. நாம் பெற்றாரை அழைப்பித்தது குற்றங்கூறுதற்கன்றி வேறெதற்காயினும் உண்டோ?