விற்ற சரக்கும் வாராத பணமும்

சங்கத்தின் ஐந்தொகையைக் கையில் எடுக்கும் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது லாபம் எவ்வளவு என்பதையே. ஆஸ்திகளின் பக்கத்தில் ‘வரவேண்டிய விற்பனைப் பாக்கி’ என்றோர் இனம் இருக்கும். அதன்மீது கண் தங்குவோர் மிகச் சிலரே. ஆயினும் வாரக் கூலி தவறாமல் கிடைக்குமா, அடுத்த பாவுக்கு நூல் உண்டா, தறி ஓயுமா என்பனவற்றை முடிவு செய்வது பல சமயங்களில் இந்த எண்தான். லாபம் காட்டிய சங்கமே கூலி கொடுக்க இயலாமல் நிற்பதைக் கண்டு அங்கத்தினர் திகைப்பதுண்டு. கணக்கில் பிழை ஏதுமில்லை. லாபம் ஏட்டில் இருக்கிறது, பணம் ஜவுளிக் கடைக்காரரின் பெட்டியில் இருக்கிறது. அவ்வளவுதான்.

வரவேண்டிய பாக்கியை முன்கூட்டியே பணமாக்கித் தரும் நிதி நிறுவனங்கள் இப்பொழுது நம் சங்கங்களையும் நாடி வருகின்றன. அவற்றின் சேவைக்குப் பாக்டரிங் என்று பெயர். இது கடனா, விற்பனையா, நமக்கு ஏற்றதா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம். இயந்திரங்களை வாடகைக்கு எடுக்கும் லீசிங் முறையைப் பற்றியும் சிறிது கூறுவோம்.

முதலில் ஒரு ரூபாயின் பயணத்தைக் கவனிப்போம். சங்கம் அந்த ரூபாயைக் கொண்டு நூல் வாங்குகிறது. நூல் கிடங்கில் 20 நாள் இருக்கிறது. பாவு ஓடித் தறியில் ஏறி நெய்து இறங்க 40 நாள். துணியாகி விற்பனைக்குக் காத்திருப்பது 30 நாள். கடனுக்கு விற்றபின் பணம் வந்து சேர 90 நாள். ஆக 180 நாள். ஆண்டில் இருமுறைதான் அந்த ரூபாய் சுற்றி வருகிறது. 10 லட்ச ரூபாய் நடைமுறை மூலதனம் உள்ள சங்கம் இக்கணக்கின்படி ஆண்டொன்றுக்கு 20 லட்ச ரூபாய் அடக்கமுள்ள சரக்கையே உண்டாக்க முடியும். கடைசிக் கட்டமாகிய 90 நாள் 30 ஆகக் குறைந்தால் சுற்று 120 நாளாகும். அதே 10 லட்சம் மும்முறை சுற்றி 30 லட்சத்திற்குச் சரக்குத் தரும். ஒரு தறி கூடவில்லை, ஒரு பங்கு கூடச் சேரவில்லை. பாக்கி விரைந்து வந்தது ஒன்றே மாறுதல். பாக்டரிங் தொழில் செய்வோர் நம்மிடம் விற்க வருவது இந்த 60 நாட்களைத்தான்.

இத்தொழிலின் பிறப்பு துணி வியாபாரத்தோடு பிணைந்தது என்பதை அறிந்தால் நெசவாளர்கள் வியப்படையலாம். 17ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகரத்துப் பிளாக்வெல் ஹால் என்னும் துணிச் சந்தைக்கு வில்ட்ஷயர், குளஸ்டர்ஷயர் முதலிய பகுதிகளிலிருந்து கம்பளித் துணி வந்து குவிந்தது. துணி உற்பத்தியாளர் ஒவ்வொரு வாரமும் தலைநகருக்குப் பயணம் செய்ய இயலாது. ஆகவே அவர் பெயரால் சரக்கை விற்றுக் கொடுக்கப் பாக்டர் எனப்பட்ட முகவர்கள் தோன்றினர். அவர்கள் நாளடைவில் முன்பணம் கொடுத்தனர். ஸ்பானிய நாட்டுக் கம்பளியைக் கடனுக்குத் தந்தனர். வாங்கிய கடைக்காரருக்குத் தவணையும் கொடுத்தனர். மூலப்பொருளும் அவரிடம் கடன், விற்ற பணமும் அவரிடமே என்ற நிலை வந்தது. உற்பத்தியாளரின் முறையீடுகள் மிகவே, 1697இல் ஆங்கில நாடாளுமன்றம் அந்த முகவர்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றிற்று. நூலைத் தந்து துணியைப் பெற்றுக் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளும் பெருவியாபாரியை நம் ஊர்களிலும் அறியாதார் யார்? அவர் பிடியிலிருந்து விலகவே பல நெசவாளர் சங்கங்கள் பிறந்தன. பின்னர் அமெரிக்காவில் நியூயார்க் நகர முகவர்கள் ஆலைத் துணிகளை விற்றுக் கொடுத்து, வாங்குவோரின் நாணயத்திற்கும் பொறுப்பேற்றனர். காலப்போக்கில் விற்பனை வேலை அவர்களைவிட்டு நீங்கிற்று. பாக்கியை வாங்குவதும் வசூலிப்பதும் மட்டும் தனித் தொழிலாக நிலைத்தன.

இந்தியாவில் இது அண்மைக்கால வரவு. ரிசர்வ் வங்கி 1988இல் திரு. கல்யாணசுந்தரம் தலைமையில் அமைத்த ஆய்வுக் குழு இதனைப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1991 முதல் ஸ்டேட் வங்கியும் கனரா வங்கியும் இதற்கெனத் துணை நிறுவனங்களைத் தொடங்கின. 2011இல் பாக்டரிங் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. 2021இல் அது திருத்தப்பட்டு, வேறு பல நிதி நிறுவனங்களுக்கும் இத்தொழிலில் இறங்க வழி ஏற்பட்டது. நம் சங்கங்களின் வாயிலுக்கு முகவர்கள் வந்து நிற்பதற்கு இத்திருத்தமும் ஒரு காரணம் எனலாம்.

இனி நடைமுறையைக் காண்போம். சங்கம் ஒரு கடைக்கு 1,00,000 ரூபாய்க்குச் சேலைகளை 90 நாள் தவணையில் விற்றதாகக் கொள்வோம். பட்டியலின் நகலைப் பாக்டரிடம் ஒப்படைக்கிறோம். அவர் 80,000 ரூபாயை உடனே தருகிறார். 90ஆம் நாள் கடைக்காரர் முழுத்தொகையையும் பாக்டருக்கே செலுத்துகிறார். பாக்டர் தம் வட்டியையும் சேவைக் கட்டணத்தையும் கழித்துக்கொண்டு மீதியைச் சங்கத்திற்கு அனுப்புகிறார். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, சேவைக் கட்டணம் பட்டியல் தொகையில் 1 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வட்டி 2,367 ரூபாய், கட்டணம் 1,000 ரூபாய், ஆக 3,367 ரூபாய் செலவு. இறுதியில் கைக்கு வருவது 16,633 ரூபாய்.

முகவர் நம்மிடம் ‘12 விழுக்காடு’ என்பார். அது முழு உண்மையன்று. நாம் கையாண்டது 80,000 ரூபாய். அதற்கு 90 நாளில் 3,367 ரூபாய் கொடுத்தோம். ஆண்டுக் கணக்கில் இது 17 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. தவணை 30 நாளாக இருந்திருந்தால் வட்டி 789 ரூபாயாகக் குறையும். கட்டணமோ அதே 1,000 ரூபாய். அப்போது ஆண்டுக் கணக்கில் 27 விழுக்காடு ஆகிவிடும்! குறுகிய தவணைப் பட்டியலை விற்பது நஷ்டம் என்பது இதனால் விளங்கும். தானே விரைவில் வரக்கூடிய பணத்தை விலை கொடுத்து விரட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை.

மற்றொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த விற்பனையில் சங்கத்திற்கு நிற்கும் லாபம் 100க்கு 5 என்றால், 5,000 ரூபாயில் 3,367 ரூபாய் பாக்டருக்குப் போய்விடுகிறது. அங்கத்தினர் பங்கிற்கு மிஞ்சுவது 1,633 ரூபாய். அப்படியானால் இது கூடவே கூடாதா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு, கையில் கொள்முதல் உத்தரவு இருந்தும் நூல் வாங்கப் பணமின்றித் தறிகள் நிற்குமானால், முன்வந்த 80,000 ரூபாய் இன்னொரு சுற்றுச் சரக்கை உண்டாக்கும். நெசவாளிக்குக் கூலி கிடைக்கும். பண்டிகைக் காலத் தேவைக்கு இம்முறையை நாடுவதை நாம் குறை சொல்லமாட்டோம். ஆண்டு முழுவதும் இதையே நம்பி வாழும் சங்கத்தைப் பற்றி மட்டும் நமக்குக் கவலை உண்டு. மத்தியக் கூட்டுறவு வங்கியின் காசுக் கடன் வரம்பில் இடமிருக்கும்பொழுது வெளியே செல்ல வேண்டியதில்லை. அங்கு எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி.

ஒப்பந்தத்தில் அங்கத்தினர் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. கடைக்காரர் பணம் தராமல் போனால் நஷ்டம் யாருடையது? ஒருவகை ஒப்பந்தத்தில், கொடுத்த முன்பணத்தைப் பாக்டர் நம்மிடமே திரும்பக் கேட்பார். பெயர் விற்பனை, உண்மையில் அது பட்டியலை ஈடாக வைத்து வாங்கிய கடன். மற்றொரு வகையில் அந்த நஷ்டத்தைப் பாக்டரே ஏற்கிறார். அதற்குக் கட்டணம் கூடுதலாகும். முதல்வகைக்குக் கையொப்பமிட்டுவிட்டு இரண்டாம் வகையின் பாதுகாப்பு இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பதே பெரிய ஆபத்து. சரக்கில் குறை என்று கடைக்காரர் தகராறு செய்தால் இரண்டாம் வகையிலும் பொறுப்பு பொதுவாக நம்மையே சேரும். சாயம் போன சேலைக்குப் பாக்டர் எவரும் ஜவாப்தாரி ஆகமாட்டார்.

சட்டத்தின்படி, பட்டியல் விற்கப்பட்டது என்ற அறிவிப்பு வாங்கியவருக்குச் சேர்ந்தபின் அவர் பாக்டருக்கே பணம் செலுத்த வேண்டும். பழக்கத்தால் அவர் சங்கத்திற்கே அனுப்பிவிட்டால் அப்பணம் நம்மிடம் நம்பிக்கைப் பொறுப்பாக இருப்பது. அதைக் கூலிக்கு எடுத்துச் செலவிடும் காரியதரிசி சிக்கலில் மாட்டிக்கொள்வார். அன்றியும், காசுக் கடனுக்காக வங்கியிடம் ஏற்கெனவே ஈடுகாட்டிய பட்டியலை வங்கியின் எழுத்துமூலமான சம்மதமின்றிப் பாக்டருக்கு விற்றலாகாது. பாக்கி மாற்றங்களை மத்தியப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டுமென்று சட்டம் விதிப்பதால் இருமுறை ஈடுகாட்டியது மறைந்திருக்காது.

பெரிய கம்பெனிகளுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் விற்கும் சங்கங்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2014இல் வகுத்த விதிகளின்படி ‘டிரெட்ஸ்’ எனப்படும் மின்னணு ஏலமேடைகள் 2017 முதல் இயங்குகின்றன. சிறுதொழில் என உத்யம் பதிவு பெற்றவர் பட்டியலை அதில் ஏற்றுகிறார். வாங்கிய கம்பெனி ‘ஆம், இத்தொகை தரவேண்டியதே’ என்று ஒப்புக்கொள்கிறது. பல வங்கிகள் வட்டி கூறி ஏலம் கேட்கின்றன. வட்டி நிர்ணயமாவது வாங்கியவரின் நாணயத்தைக் கொண்டு, நம்முடையதைக் கொண்டன்று. பின்னர் அக்கம்பெனி தவறினாலும் வங்கி நம்மிடம் திரும்ப வாராது. ஆனால் தெருக்கோடி ஜவுளிக் கடை இந்த மேடைக்கு வரப்போவதில்லை. நம் பாக்கியில் எவ்வளவு பெரிய இடங்களில் இருக்கிறது என்று பார்த்தே இதன் பயனை மதிப்பிட வேண்டும்.

பாக்கியை விற்பதற்கு முன், அதைக் கேட்டு வாங்கச் சட்டம் தந்துள்ள உரிமையைப் பயன்படுத்தினோமா என்றும் எண்ண வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் வளர்ச்சிச் சட்டம், குறு, சிறு தொழிலாளரின் பொருளை விற்கும் கூட்டுறவுச் சங்கத்தையும் சரக்களிப்போர் என்றே கொள்கிறது. எழுத்தில் எத்தவணை கண்டிருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகலாகாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு, மாதந்தோறும் முதலோடு சேரும் கூட்டு வட்டி. வழக்கு மன்றத்திற்கு அலையாமல் மாநில வசதி மன்றத்தில் முறையிடலாம். மேலே கூறிய உதாரணத்தில் 90 நாள் தவணையை நாமே ஒப்புக்கொண்டோம் அன்றோ? பதிவு பெற்ற சங்கம் அவ்வாறு ஒப்புக்கொள்ளத் தேவையே இல்லை. கேட்டால் அடுத்த உத்தரவு வாராது என்ற அச்சம் நிர்வாகிகளுக்கு இருப்பதை நாம் அறிவோம். அது வீண் அச்சமுமன்று. ஆயினும் பட்டியலின் அடியில் 45 நாள் விதியை அச்சிட்டு வைப்பதால் எந்த உத்தரவும் கெட்டுப்போகாது.

லீசிங்கைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். நாட்டின் முதல் லீசிங் கம்பெனி 1973இல் சென்னையில்தான் தொடங்கிற்று. இயந்திரத்தை நிறுவனம் வாங்கி நமக்கு வாடகைக்கு விடுகிறது, உடைமை அதனுடையதே. ஜெனரேட்டரோ, ஜக்கார்டு இயந்திரமோ, சரக்கு வண்டியோ நீண்டகாலம் உழைப்பது. அதற்கேற்ற நீண்டகாலப் பணத்தால் அதை அடைவதே முறை. கம்பெனிகள் இதற்குப் பங்கும் கடன் பத்திரமும் வெளியிடும். சங்கத்திற்குப் பங்கு மூலதனம் சிறிது. ஆகவே பட்டியலை விற்ற பணத்தில் இயந்திரம் வாங்கும் ஆசை எழுகிறது. அப்படி வாங்கினால் அடுத்த மாதம் நூலுக்குப் பணமிராது. லீஸ் அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கும். ஆனால் கம்பெனிகள் லீசை விரும்புவதற்கு வாடகையால் வரும் வரிச் சலுகை ஒரு பெருங்காரணம். குடிசைத் தொழிற் சங்கத்தின் வருவாய்க்கு ஏற்கெனவே வருமான வரிக் கழிவு இருப்பதால் அந்த ஆதாயம் நமக்கில்லை. பழுது பார்ப்பதும் இன்ஷூரன்சும் யார் பொறுப்பு, முடிவில் இயந்திரம் யாருக்கு என்பவற்றை எழுத்தில் பெறுக. தவணைத் திட்டம் எதிலும் ‘10 விழுக்காடு நிலை வட்டி’ என்ற சொல்லைக் கண்டால் நின்று கணக்கிடுக. 2,40,000 ரூபாய்க்கு மூன்றாண்டு வட்டி 72,000 ரூபாய் சேர்த்து 36 மாதத் தவணையாகக் கட்டும்போது முதல் மாதந்தோறும் குறைகிறது, வட்டியோ குறைவதில்லை. உண்மை வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு.

விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலைக்குக் கரும்பு கொடுத்தவருக்கு 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளுக்குள் விலை சேர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி உண்டு. நெல்லும் பருத்தியும் விலை வரும்வரை கிடங்கில் இருக்கும்பொழுது பாக்கி என்பதே இன்னும் பிறக்கவில்லை. ஆதலின் அங்கே விற்பதற்குப் பட்டியல் கிடையாது. அங்கீகாரம் பெற்ற கிடங்கில் சரக்கை வைத்து, 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டப்படி கைமாற்றத்தக்க ரசீது பெற்று, அந்த ரசீதின்மேல் வங்கியில் ஈட்டுக் கடன் கேட்பதே அவர்களுக்குரிய வழி. ரசீதில் எடையும் தரமும் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்பதைக் கிடங்கின் வாயிலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.