பைக்குழலும் முரசும்

கலைகள் பல வகை. கோயில் சுவரில் தீட்டிய ஓவியம், தீட்டியவன் மறைந்த பின்னும் நிற்கும். நம் பனமலையில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில், குடை நிழலில் நின்று ஈசனின் ஆடலைக் காணும் உமையம்மையின் ஓவியம் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கின்றது. இசை அப்படியன்று. அதைச் சுவர் காக்காது. வாசிக்கும் மனிதர்தாம் காக்க வேண்டும். ஒரு சிறிய நாட்டு மக்கள் தம் இசையை எவ்வாறு காத்தார்கள் என்பதற்கு ஸ்காட்லாந்தின் பைக்குழல் நல்ல சான்றாகும்.

கருவியின் அமைப்பு

பேக்பைப் எனப்படும் பைக்குழலில் ஒரு தோற்பை உண்டு. வாசிப்பவர் ஊதுகுழல் வழியே அதில் காற்றை நிரப்பி, அக்குளில் இடுக்கிக் கையால் அழுத்துகிறார். மூச்சு வாங்கும் நேரத்திலும் பையிலுள்ள காற்று ஒலியை அறாமல் காக்கும். விரல்கள் ஆடும் குழலில் பிறப்பவை ஒன்பது சுரங்களே. தோள்மீது சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள் இடைவிடாமல் ஒரே சுருதியைத் தந்துகொண்டிருக்கும்.

நாகசுரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. நாகசுரத்துக்குச் சீவாளி இருப்பதுபோல் இதற்கும் உண்டு. அருகில் நின்று ஒருவர் ஊதும் ஒத்தின் வேலையை இங்கு அம்மூன்று குழல்களும் செய்கின்றன. தோற்பையில் காற்றடக்கிச் சுருதி கொடுக்கும் துத்தி என்ற கருவி தென்னாட்டிலும் வழங்கி வந்தது.

பைக்குழலில் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. சுரங்களுக்கு நடுவே நிறுத்தவும் இயலாது. ஒரே சுரம் இருமுறை வரவேண்டுமானால், இடையில் வேறொரு சுரத்தை நொடிப்பொழுது தொட்டுப் பிரிக்க வேண்டும். இந்தக் குறையே அந்த இசைக்கு அழகாயிற்று.

குழுவில் பக்க முரசு, நடு முரசு, பெருமுரசு என மூவகை முரசுகள் உண்டு. பெருமுரசு நடைக்கு அளவு கொடுக்கும். குழல்கள் அனைத்தும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒன்று பிசகினாலும் செவிக்குத் தெரிந்துவிடும். ஆகவே குழுவில் ‘நான்’ என்பது அடங்கி ‘நாம்’ என்பது ஓங்கியாக வேண்டும்.

தடைகளைத் தாண்டி

1746ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அவர்களுடைய கட்டம்போட்ட உடையை ஆண்கள் அணியலாகாது என்று சட்டம் வந்தது. 1782இல்தான் அது நீங்கிற்று. மெக்ரெகர் என்ற குலத்தாருக்கோ, தம் குலப்பெயரைச் சொல்லிக்கொள்ளவும் 1774 வரை சட்டம் இடந்தரவில்லை. ஆனால் 1761 ஏப்ரலில் நம் செஞ்சிக் கோட்டை ஆங்கிலேயர் வசமானபோது, அதைப் பிரெஞ்சுக்காரருக்காகக் காத்து நின்ற தளபதியின் பெயர் மெக்ரெகர்! தாய்நாட்டில் தடைப்பட்ட பெயர் நம் இராசகிரியில் வழங்கியது வரலாற்றின் விந்தையன்றோ!

உடை தடைப்பட்ட காலத்திலும் படைப்பிரிவுகளில் அவ்வுடையும் பைக்குழலும் வாழ்ந்தன. அப்படைகளோடு அவை இந்தியாவுக்கும் வந்தன. ஸ்காட்லாந்து மக்கள் சென்னையில் தமக்கென எழுப்பிய ஆலயம், 1821இல் திறக்கப்பட்ட எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம். அந்நாட்டின் பாதுகாவலரும் அப்புனிதரே.

பிறர் கையில் ஒரு கலை

ஆங்கிலேயர் போன பின்னும் பைக்குழல் போகவில்லை. நம் இராணுவப் படைப்பிரிவுகள் அதைத் தமதாக்கிக்கொண்டன. ஆண்டுதோறும் சனவரி 29 அன்று புதுதில்லியில் நடைபெறும் பாசறை திரும்பும் விழாவில் அந்த இசை முழங்குகின்றது. பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் இக்கருவிகள் பெருமளவில் செய்யப்பட்டு உலகெங்கும் செல்கின்றன.

மலேசியாவில் சீக்கிய இளைஞர்கள் 1986இல் ஸ்ரீ தஸ்மேஷ் என்னும் பைக்குழல் முரசுக் குழுவைத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடக்கும் உலகப் போட்டியில், 2019இல் அவர்கள் தம் பிரிவில் முதலிடம் பெற்றார்கள். தலைப்பாகை அணிந்த இளைஞர்கள் ஸ்காட்லாந்தின் மண்ணிலேயே அந்நாட்டு இசையில் வென்றார்கள்.

மாணவியர்க்கு இன்னும் இனிய செய்தி ஒன்று உண்டு. சார்க்கண்டு மாநிலத்தில் படம்தா என்னும் ஊரின் கஸ்தூரிபா காந்தி பெண்கள் பள்ளி மாணவியர், 2025 குடியரசு நாள் அணிவகுப்பில் குடியரசுத் தலைவரின் மேடைக்கு எதிரே பைக்குழல் இசைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒருகாலத்தில் போர்வீரர் கையில் முழங்கிய கருவியைக் கிராமத்துச் சிறுமியர் ஏந்தினார்கள். “பெண்ணுக்கு இது எதற்கு?” என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமோ?

நாம் கற்பது

150ஆம் திருப்பாடல், குழல், முரசு, யாழ் என எல்லாக் கருவிகளாலும் இறைவனைப் போற்ற அழைக்கின்றது. அவற்றுள் உயர்ந்தது, தாழ்ந்தது என்று அது பிரிக்கவில்லை. நாமும் பிரிக்கலாகாது.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் தெருக்கூத்து நடக்கும் இரவுகளில் முகவீணையும் மிருதங்கமும் கேட்கின்றன. முகவீணையை நம்மில் எத்தனை பேர் அருகில் சென்று பார்த்திருக்கிறோம்? ஊதுபவரிடம் அதன் பெயரையேனும் கேட்டிருக்கிறோமா? அயல்நாட்டுக் குழலைப் பிறர் கற்று வாழ வைக்கும்போது, நம் ஊர்க் குழலை நாமே மறந்துவிட்டால் அதைக் கற்க வேறு யார் வருவார்?

பெற்றோரே, இசை கற்க விரும்பும் மகளைப் படிப்பு கெடும் என்று தடுக்காதீர்கள். சுருதியோடு ஒத்து நிற்கப் பழகியவள் பிறரோடும் ஒத்து வாழ்வாள். தோழியரே, இவ்விடுமுறையில் உங்கள் ஊரில் கூத்து நடந்தால், பாட்டுக்காரர்கள் அமரும் பக்கம் சென்று அமருங்கள். முகவீணைக்காரரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள். கலையைக் காக்கும் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.