ஸ்கேன் ஆகிவிட்டால் அசல்தானா?

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய் மூட்டை இறங்கும் வண்டியில் பில்லோடு ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரமும் வருகிறது. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால் இ-வே பில் கட்டாயம் என்பது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அந்தத் தாளில் உள்ள கியூஆர் கோடு பற்றி உலவும் நம்பிக்கைகள் சில:

நம்பிக்கை: நேராகப் பிடித்தால்தான் படிக்கும்.
உண்மை: 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழு உருவாக்கியபோதே எப்படிப் பிடித்தாலும் படிக்க வழி செய்துவிட்டது. மூன்று மூலைப் பெட்டிகளில் எதன் நடுப்புள்ளி வழியாக எப்படி நேர்கோடு இழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். ஸ்கேன் செய்யும் நிரல் முதலில் தேடுவது இந்த விகிதத்தைத்தான். கிடைத்ததும் சாய்ந்த சதுரத்தைத் தானே நிமிர்த்திக்கொள்ளும்.

நம்பிக்கை: மடிந்தாலோ கறை பட்டாலோ போச்சு.
உண்மை: ரீட்-சாலமன் முறையில் திருத்தத் தகவலும் உள்ளே இருக்கிறது. உருவாக்கும்போது தேர்ந்தெடுத்த நிலையைப் பொறுத்து சுமார் 7 முதல் 30 சதவீதம் வரை சேதத்தை ஈடுகட்டும். ஆனால் மூலைப் பெட்டி கிழிந்தாலோ, சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டாலோ சிக்கல்தான்.

நம்பிக்கை: நிரல் படிக்கவில்லை என்றால் கோடே தப்பு.
உண்மை: கண்டுபிடிப்பது ஒரு வேலை, படிப்பது வேறு வேலை. பைத்தானில் ஓபன்சிவி நூலகம் எழுத்து, நான்கு மூலைப் புள்ளிகள், நிமிர்த்திய படம் மூன்றையும் தரும். புள்ளிகள் வந்து எழுத்து மட்டும் காலியாக இருந்தால், கோடு கண்ணில் பட்டிருக்கிறது, கட்டங்கள்தான் தெளிவில்லை. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படமாக இருந்தால் அசல் கோப்பை வாங்குங்கள். புள்ளிகளே வராவிட்டால் வெளிச்சத்தையும் ஓரத்தையும் சரிபாருங்கள்.

நம்பிக்கை: படிக்க இணையம் வேண்டும்.
உண்மை: வேண்டாம். தகவல் தாளிலேயே இருக்கிறது; மலைமேல் டவர் கிடைக்காவிட்டாலும் போன் படித்துவிடும்.

நம்பிக்கை: ஸ்கேன் ஆகிவிட்டால் அசல்.
உண்மை: ஜெராக்ஸும் ஸ்கேன் ஆகும், யார் வேண்டுமானாலும் எதையும் கோடாக மாற்றலாம். இ-வே பில் கோடு தரும் எண்ணை அரசுத் தளத்தில் போட்டு, வண்டி எண்ணும் காலக்கெடுவும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால்தான் சரிபார்ப்பு முடியும். ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸில் உள்ள கோடோ மின் கையொப்பம் இடப்பட்டது. உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. எனவே நிரல் எழுதுபவர்கள் ‘படித்தாயிற்று’ என்பதற்கும் ‘சரிபார்த்தாயிற்று’ என்பதற்கும் திரையில் தனித்தனிச் செய்தி காட்டுங்கள்.