மீன் குஞ்சுகளைக் குட்டையில் பழக்கி விடும் முறை

பண்ணைக் குட்டையில் விட்ட கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் இரண்டொரு நாளில் செத்து மிதந்தால், உழவர்கள் குஞ்சு விற்றவரைக் குறை கூறுவதுண்டு. பல சமயங்களில் கரையில் காட்டிய அவசரமே காரணமாகும்.

மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தை ஒட்டியே மாறும். பை நீரிலிருந்து குட்டை நீரில் திடீரெனக் கொட்டினால் குஞ்சுகள் அதிர்ச்சியுற்று இறக்கும்.

விடும் முறை

1. முதல் நாளே வலைத் தொட்டியில் சில மீன்களை விட்டுப் பார்க்கவும். மறுநாள் உயிரோடிருந்தால் நீர் ஏற்றது.
2. காலை அல்லது மாலையில் மட்டும் விடவும்.
3. கட்டவிழ்க்காத பையை நிழலில், குட்டை நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடவும்.
4. பின்பு பையைத் திறந்து, குட்டை நீரைச் சிறிது சிறிதாக 15 நிமிடம் சேர்க்கவும்.
5. பையைச் சாய்த்துப் பிடிக்கவும். குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேறட்டும்.

பின் கவனிப்பு

10 சென்ட் குட்டைக்கு 400 குஞ்சுகள் போதும். மறுநாள் முதல் அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து இடலாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், பிராணவாயு குறைவென்று அறிக. உடனே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்திப் புது நீர் பாய்ச்சவும்.

கரையில் பொறுக்கும் அரை மணி நேரம் ஆண்டு முழுவதற்குமான பலனைக் காக்கும்.