கைதட்டலையும் சேர்த்துப் பதிந்த கதை

கேள்வி: சித்தன்னவாசல் அறிவர் கோயில் கருவறைக்குள் நின்று மெல்ல ‘ம்ம்’ என்று முனகினால் சுவரும் கூடவே முனகுகிறது. அதை போனில் பதிந்து வீட்டில் போட்டுக் கேட்டால் சப்பென்று இருக்கிறது. என் மகனோ, ராக் குழுக்களின் ‘லைவ் ஆல்பம்’ கேட்டால் அரங்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும் என்கிறான். கச்சேரியை அப்படியே பதிந்து விற்கும் பழக்கம் எங்கே தொடங்கியது? (அன்னவாசல் வாசகர்)

பதில்: முதலில் உங்கள் முனகலை முடித்துவிடுவோம். அந்தக் கருவறை பத்தடிக்குச் சற்றுக் குறைவான சதுரம். பாறையைக் குடைந்தது, ஒலியை உறிஞ்சத் துணியோ மரமோ கிடையாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுமார் 2.9 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு நடுவே 59 ஹெர்ட்ஸ் ஒலியும், அதன் இரட்டிப்பான 118 ஹெர்ட்ஸும் தம்மைத் தாமே தூக்கிவிட்டுக்கொள்ளும். ஓர் ஆணின் முனகல் அந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போனின் குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது. போனில் ஏறியது உங்கள் குரல். குகை குகையிலேயே நின்றுவிட்டது.

லைவ் ஆல்பத்தின் கதையும் இதேதான். பாட்டைப் பதிவது சுலபம். அது ஒலித்த இடத்தையும் கேட்டவர்களையும் பதிவதுதான் கஷ்டம். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம் ஓடினாலே பெரிது. நம் வித்வான்கள் அதற்குள் ஆலாபனை, பல்லவி, ஸ்வரம் எல்லாவற்றையும் மடித்து வைத்தார்கள். கச்சேரி முழுவதும் அதில் எங்கே அடங்கும்?

1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் பென்னி குட்மேன் நடத்திய ஜாஸ் கச்சேரியை, மேடைக்கு மேலே தொங்கிய மைக் வழியாகத் தட்டுகளில் பதிந்தார்கள். அது விற்பனைக்கு வந்தது 1950இல்தான். நடுவில் 1948இல் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டு பிறந்திருந்தது. ரசிகர்களின் கூச்சலும் சரக்குதான் என்று கண்டுகொண்டவர் ஜேம்ஸ் பிரௌன். 1962 அக்டோபரில் அப்போலோ தியேட்டர் கச்சேரியைப் பதிய அவருடைய கம்பெனி பணம் போட மறுத்தது. தன் கைக்காசைப் போட்டுப் பதிந்தார். தட்டு வந்தபின் கம்பெனி வாய்மூடிக்கொண்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1966 கார்னகி ஹால் கச்சேரியும் தட்டாக வந்து நம் வீடுகளில் ஓடியிருக்கிறது.

உங்கள் மகன் சொல்வது அநேகமாக ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ ஆக இருக்கும். இல்லாவிட்டால் அதையும் கேட்கச் சொல்லுங்கள். கறுப்பினத்தவரின் ப்ளூஸ் பாட்டுகளில் ஊறிய, அமெரிக்காவின் தென் மாநிலத்துப் பையன்கள். ஸ்டுடியோவில் செய்த முதல் இரண்டு ஆல்பங்களும் பெரிதாக விற்கவில்லை. எங்கள் சரக்கு மேடையில்தான் என்று 1971 மார்ச் 12, 13 இரவுகளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்ததைப் பதிந்தார்கள். தயாரிப்பாளர் டாம் டௌட், இரவுக் கச்சேரி முடிந்ததும் குழுவைக் கூட்டிப்போய் டேப்பைப் போட்டுக் காட்டுவாராம். எது தேறியது, நாளை எதைத் திரும்ப வாசிப்பது என்று அங்கேயே முடிவாகும். ‘விப்பிங் போஸ்ட்’ என்ற ஒரே பாட்டு இருபது நிமிடத்தைத் தாண்டி எல்.பி.யின் ஒரு முழுப் பக்கத்தைச் சாப்பிட்டது. இரண்டு டிரம்மர்கள் வேறு. நம் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. அந்த ஜூலையில் ஆல்பம் வந்தது. அரங்கம் அதற்கு முன்பே, ஜூன் கடைசியில் மூடப்பட்டுவிட்டது. இன்று அந்த அரங்கத்தின் ஒலி மிச்சமிருப்பது இதுபோன்ற தட்டுகளில்தான்.

‘அப்படியே’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அதே ஃபில்மோர் ஆல்பத்தின் ‘ஸ்டார்மி மண்டே’ பாட்டில் வந்த மௌத் ஆர்கன் பகுதியை வெட்டித்தான் வெளியிட்டார்கள். கத்தரி படாத லைவ் ஆல்பம் அபூர்வம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் குடுமியான்மலையில் இதற்கு நேரெதிரான சங்கதி ஒன்று இருக்கிறது. பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு பிரிவுகளாக ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் எழுத்து நிற்கிறது. வாசித்த விரலும் இல்லை, ‘பலே’ என்ற குரலும் இல்லை.

கேள்வி: அந்த ஆல்மன் பிரதர்ஸ் குழுவில் ஒருவர் கண்ணாடிப் புட்டியை விரலில் மாட்டிக் கிதார் வாசிப்பாராமே, நம் கோட்டுவாத்தியத்தைப் பார்த்துச் செய்ததா?

பதில்: இல்லை. தந்தியின் மேல் வழவழப்பான ஒன்றை வழுக்கவிட்டால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இழையும் என்பது பல ஊர்க்காரர்கள் தனித்தனியே கண்டுகொண்டது. கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டை, அமெரிக்கத் தெற்கில் கத்தியும் உடைந்த புட்டிக் கழுத்தும். நீங்கள் கேட்ட கிதார்காரர் டுவேன் ஆல்மனின் கதை இன்னும் எளிது. 1968இல் பிறந்தநாள் சமயத்தில் சளிப் பிடித்துக் கிடந்தார். தம்பி கிரெக் ஒரு சளி மாத்திரைப் புட்டியும், தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் இசைத்தட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கழுவி எடுத்து, புட்டியை விரலில் மாட்டிக்கொண்டார். அந்தத் தட்டில் இருந்த ‘ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்’தான் ஃபில்மோர் ஆல்பத்தின் முதல் பாட்டு. ஆல்பம் வந்த நான்கு மாதத்துக்குள், அக்டோபர் 29 அன்று, மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். வயது 24.